கட்டத் தரவிலிருந்து சராசரியும் ரிக்ரெஷனும் எடுப்பது எப்படி?

கேள்வி இதுதான். பல பத்தாண்டுகளின் மாதாந்திர வெப்பநிலை, உலகம் முழுக்க ஒரு டிகிரிக் கட்டங்களாக, நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவு வடிவக் கோப்பு ஒன்றில் இருக்கிறது. எல்லாக் கட்டங்களையும் கூட்டி வகுத்தால் வரும் உலகச் சராசரி, அறிக்கைகளில் பார்க்கும் எண்ணைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ரிக்ரெஷன் ஓட்டி, அதாவது காலப்போக்கில் மதிப்பு எப்படி மாறுகிறது என்று நேர்கோடு பொருத்தி வரைந்த படத்தில், ஏறக்குறைய எங்கு பார்த்தாலும் ‘முக்கியம்’ (தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு) என்று புள்ளி விழுகிறது. அதை நம்பலாமா? இதையே மணிக்கு மணி எடுத்த தரவில் செய்யப்போனால் கணினியின் நினைவகம் போதவில்லை. என்ன செய்வது?

மூன்று சிக்கலுக்கும் அடியில் இருப்பது ஏறக்குறைய ஒரே விஷயம். கோப்பில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு பரப்புக்குப் பிரதிநிதி, எவ்வளவு காலத்துக்குப் பிரதிநிதி, அதில் புதிய தகவல் எவ்வளவு என்பதெல்லாம் மென்பொருளுக்குத் தெரியாது. நாம் சொல்லாவிட்டால் அது எல்லா எண்களுக்கும் ஒரே ஓட்டு கொடுத்துவிடும்.

முதலில் உலகச் சராசரி. அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்கள் திரையில் எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். பூமியில் அப்படி இல்லை. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரிக் கட்டம் ஏறத்தாழ 111 கிலோமீட்டர் அகலம். 60 டிகிரி அட்சரேகையில் அந்த அகலம் பாதியாகிவிடும். 80 டிகிரியில் 19 கிலோமீட்டர்தான் மிஞ்சும். இரு அரைக்கோளங்களிலும் 60 டிகிரிக்கு அப்பால் உள்ள கட்டங்களை எண்ணிப் பார்த்தால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். ஆனால் அவற்றின் பரப்பு பூமியின் பரப்பில் 13.4 சதவீதம் மட்டுமே. மறுபக்கம், 30 டிகிரி தெற்கிலிருந்து 30 டிகிரி வடக்கு வரையிலான பட்டையில் பூமியின் சரிபாதிப் பரப்பு இருக்கிறது. கட்டங்களோ அங்கேயும் மூன்றில் ஒரு பங்குதான். ஆக, நேரடியாகக் கூட்டி வகுத்த சராசரியில் துருவக் குளிருக்கு அதன் பங்கைப் போல் இரண்டரை மடங்கு செல்வாக்கு. 14, 15 டிகிரி என்று வரவேண்டிய உலகச் சராசரி கீழே இறங்கி நிற்பது இதனால்தான்.

தீர்வு நிறையிட்ட சராசரி. ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பையும் அதன் அட்சரேகையின் கோசைனால் பெருக்கிக் கூட்டி, கோசைன்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பைத்தானின் எக்ஸ்அரே நிரலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு ‘வெயிட்டட்’ என்ற வசதி இதைச் செய்து தரும். காலநிலைக் கோப்புகளுக்கான கட்டளைத் தொகுப்பான சிடிஓவில் ‘ஃபீல்ட்மீன்’ கட்டளை பரப்பு நிறையைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். பைத்தானின் எண் கணக்கு நிரலகமான நம்பைக்கு எதுவும் தெரியாது. நாம்தான் கொடுக்க வேண்டும்.

கோசைன் என்பது கட்டத்தின் நடுப்புள்ளியை வைத்துச் செய்யும் தோராயம். கட்டத்தின் மேல் விளிம்பு அட்சரேகையின் சைனிலிருந்து கீழ் விளிம்பின் சைனைக் கழித்தால் துல்லியமான நிறை கிடைக்கும். பெரும்பாலான வேலைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஈஆர்ஏ5 (உலக வானிலை மறுபகுப்பாய்வு) போன்ற தரவில் 721 வரிசைகள், முதல் வரிசையும் கடைசி வரிசையும் சரியாகத் துருவத்தின் மேலேயே இருக்கின்றன. அந்த வரிசையில் உள்ள 1440 எண்களும் ஒரே ஒரு புள்ளியைத்தான் குறிக்கின்றன. அங்கே கோசைன் சுழியம்; 32 பிட்டில் கணக்கிட்டால் மிகச் சிறிய எதிர்ம எண்கூட வரும், நிறை எதிர்மமாக இருக்கக் கூடாது என்று பார்க்கும் நிரல் அங்கே நின்றுவிடும். விளிம்பு முறையில் அந்த வரிசைக்கு 89.875 முதல் 90 வரையிலான சிறு தொப்பியின் பரப்பு முறையாகக் கிடைத்துவிடும். கடல் மாதிரிகளில் வரும் வளைந்த கட்டங்களுக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. அவற்றுக்குக் கட்டப் பரப்பைத் தனிக் கோப்பாகவே தருவார்கள், காலநிலை மாதிரிகளை ஒப்பிடும் சிஎம்ஐபி தொகுப்பில் ‘ஏரியாசெல்லோ’ என்ற பெயரில் வருவது அதுதான். நிலப்பரப்பு மட்டும் வேண்டும் என்றால், கட்டப் பரப்பை அதில் நிலம் எத்தனை பங்கோ அதனால் பெருக்கிக்கொள்ளுங்கள். கரையோரக் கட்டத்தை முழு நிலம் அல்லது முழுக் கடல் என்று வெட்டிவிடுவதைவிட இது நியாயமானது.

காலத்துக்கும் இதே கதைதான். பிப்ரவரியின் எண் 28 நாளுக்குப் பிரதிநிதி, ஜனவரியின் எண் 31 நாளுக்கு. பன்னிரண்டையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் வெப்பநிலையில் பிழை சிறியது. மழை, கதிர்வீச்சு என்று போகும்போது அதைக் கவனிக்காமல் விட முடியாது. நாள்காட்டியையும் பாருங்கள். காலநிலை மாதிரிகள் சிலவற்றில் லீப் ஆண்டே கிடையாது, சிலவற்றில் எல்லா மாதமும் 30 நாள், ஆண்டுக்கு 360 நாள். கோப்பின் நேர மாறியில் அது எழுதியிருக்கும்.

இதைவிட அதிகமாக ஆட்களை ஏமாற்றுவது விடுபட்ட மதிப்புகள். சின்ன உதாரணம்: இரண்டு கட்டங்கள், நிறை 1.0, 0.5, வெப்பநிலை 28, 4. நிறையிட்ட சராசரி 20. அடுத்த மாதம் குளிர்க் கட்டத்தில் பதிவு இல்லை. கூட்டுத்தொகையை மொத்த நிறையான 1.5ஆல் வகுத்தால் 18.7 வரும், அது தெளிவான தவறு. கையில் இருக்கும் கட்டத்தின் நிறையால் மட்டும் வகுத்தால் 28. கணக்கு சரிதான், ஆனால் ஒரு டிகிரிகூட வெப்பம் ஏறாமல் சராசரி 8 டிகிரி குதித்துவிட்டது. அதனால்தான் காலநிலை ஆட்கள் நேரடி வெப்பநிலையைச் சராசரி எடுக்காமல், ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் சொந்த இயல்பு நிலையிலிருந்து எவ்வளவு விலகல் என்று முதலில் கணக்கிட்டு, அந்த விலகல்களைச் சராசரி எடுக்கிறார்கள். இரு கட்டமும் இயல்பைவிட 0.5 கூடுதல் என்றால், ஒன்று விடுபட்டாலும் சராசரி 0.5 ஆகவே நிற்கும்.

இதுவும் முழு மருந்து அல்ல. விடுபடும் கட்டங்கள் மற்றவற்றைவிட வேகமாக மாறிக்கொண்டிருந்தால் விலகலின் சராசரியும் சாயும். ஆர்க்டிக் பகுதியில் இது நிஜமாகவே நடந்தது. 5 டிகிரிக் கட்டங்களைக் கொண்ட ஹாட்கிரட்4 என்ற உலக வெப்பநிலைத் தொகுப்பில் ஆர்க்டிக்கில் பல கட்டங்கள் காலியாக இருந்தன. உலகிலேயே வேகமாகச் சூடேறும் பகுதி கணக்கில் வராததால் அண்மை ஆண்டுகளின் வெப்பமேற்றம் குறைவாகத் தெரிந்தது என்று 2014இல் கௌட்டன், வே இருவரும் காட்டினார்கள். எனவே சராசரியோடு சேர்த்து, ஒவ்வொரு மாதமும் எத்தனை சதவீதப் பரப்பில் தரவு இருந்தது என்ற தொடரையும் கணக்கிட்டு வரைந்து பாருங்கள். அந்தக் கோட்டில் படி தெரிந்தால், சராசரியில் தெரியும் படியையும் சந்தேகப்பட வேண்டும்.

கோப்பைத் திறக்கும்போதே பார்க்கவேண்டியவை சில உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடுபட்ட இடத்தில் -9999 அல்லது 1க்குப் பின் 20 சுழியம் போன்ற எண் நிற்கலாம். அது அப்படியே சராசரிக்குள் போய்விடக் கூடாது. பல கோப்புகளில் எண்கள் 16 பிட் முழு எண்ணாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும், பெருக்கு எண்ணும் கூட்டு எண்ணும் சேர்த்தால்தான் நிஜ மதிப்பு வரும். தீர்க்கரேகை 0 முதல் 360 வரையா, -180 முதல் 180 வரையா என்று பாருங்கள். ஈஆர்ஏ5இல் அட்சரேகை 90இலிருந்து -90க்கு இறங்குகிறது. எக்ஸ்அரேயில் -5 முதல் 5 வரை என்று கேட்டால் பிழைச் செய்தி ஏதும் இல்லாமல் காலித் துண்டு திரும்பும், 5 முதல் -5 வரை என்றுதான் கேட்க வேண்டும்.

சராசரியைத் தாண்டிய மற்ற அளவைகளில் வரிசை முக்கியம். சராசரியை முதலில் இடத்தில் எடுத்துவிட்டுப் பிறகு காலத்தில் எடுத்தாலும், மாற்றிச் செய்தாலும், எதுவும் விடுபடாமல் இருந்து நிறைகளும் மாறாமல் இருந்தால், ஒரே விடைதான். திட்ட விலக்கத்தில் அப்படி இல்லை. இரண்டு கட்டங்கள் ஆண்டுதோறும் எதிரெதிராக ஒரு டிகிரி ஆடினால் ஒவ்வொன்றின் திட்ட விலக்கம் 1, சராசரித் தொடரின் திட்ட விலக்கம் 0. இரண்டும் உண்மையே, வெவ்வேறு கேள்விக்கான விடைகள். இடைநிலை அளவுக்கும் 95ஆம் சதமானத்துக்கும் (95 சதவீத மதிப்புகள் அதற்குக் கீழே இருக்கும் எண்) இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். துண்டுகளின் இடைநிலைகளை வைத்து மொத்தத்தின் இடைநிலையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. காற்றில் இன்னொரு பொறி: கிழக்குக் கூறு, வடக்குக் கூறு இரண்டையும் தனித்தனியாகச் சராசரி எடுத்து அதிலிருந்து வேகம் கணக்கிட்டால், எதிரெதிர்க் காற்றுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, சராசரி வேகத்தைவிடக் குறைவான எண் வரும். ஒவ்வொரு நேரப்படியிலும் வேகத்தைக் கணக்கிட்ட பிறகே சராசரிக்குப் போங்கள்.

எண்ணின் துல்லியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். 721 வரிசை, 1440 நிரல் என்றால் 10,38,240 எண்கள். கெல்வினில் ஒவ்வொன்றும் 288 அளவில் இருந்தால் கூட்டுத்தொகை 30 கோடியை நெருங்கும். 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் அந்த உயரத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 32 இடைவெளி. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் நிரல், தொகை 26.8 கோடியைத் தாண்டியதும் 272க்கும் 304க்கும் இடைப்பட்ட எந்த வெப்பநிலையையும் 288 என்றே கூட்டும். அதாவது கடைசிப் பத்தில் ஒரு பங்கு கட்டங்களில் உறைநிலைக்கும் கோடை வெயிலுக்கும் வித்தியாசமே போய்விடும். நம்பை ஜோடி ஜோடியாகக் கூட்டும் உத்தியால் இதை ஓரளவு தவிர்க்கிறது, ஆனால் எல்லா அச்சுகளிலும் அல்ல. வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழிக்கும் பள்ளிக்கூடச் சூத்திரம் இன்னும் மோசம். 288இன் வர்க்கம் 82,944. 32 பிட்டில் அங்கே இடைவெளி 0.0078. விலக்க வர்க்கச் சராசரி 0.01 அளவில் இருந்தால், கழித்த பிறகு மிஞ்சுவது குப்பைதான். கூட்டுவதற்கு முன்பே 64 பிட்டுக்கு மாற்றிவிடுங்கள். தரவைத் துண்டு துண்டாகப் படிப்பவர்கள் 1962இல் வெல்ஃபோர்ட் கொடுத்த முறைப்படி, சராசரியையும் விலகல் வர்க்கங்களின் தொகையையும் ஒவ்வொரு எண்ணாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

சரி, இப்போது ரிக்ரெஷன். ஒவ்வொரு கட்டத்திலும் காலத்துக்கு எதிராக ஒரு நேர்கோடு. ஒவ்வொரு கட்டமாகச் சுழற்சி போட்டு, 64,800 முறை ஒரு செயல்கூறை அழைக்க வேண்டிய தேவையே இல்லை. எல்லாக் கட்டத்துக்கும் காலம் பொதுவானது என்பதால், தரவை நேரம் ஒரு பக்கம், கட்டங்கள் எல்லாம் மறுபக்கம் என்று ஒரு பெரிய அணியாக மடித்து, ஒரே தடவை மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கத் தொகை மிகக் குறைவாக வரும்படி கோடு பொருத்துவது) தீர்த்துவிடலாம். ஒரு மாறிலி, காலம், எல் நினோ குறியீடு (பசிபிக் கடல் வெப்பத்தின் ஏற்ற இறக்க அளவு) என மூன்று விளக்க மாறிகள் இருந்தாலும் தலைகீழாக்க வேண்டியது 3க்கு 3 அணி ஒன்றுதான். விடுபட்ட மதிப்புகள் இருந்தால் மட்டும் இது உடையும்: காலத்தின் சராசரியையும் அந்தந்தக் கட்டத்தில் தரவு இருக்கும் மாதங்களை மட்டும் வைத்து எடுத்தால்தான் சாய்வு சரியாக வரும்.

எக்ஸ்அரேயின் ‘பாலிஃபிட்’ நேர அச்சை நானோநொடியாக எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு 0.02 டிகிரி என்ற சாய்வு, புள்ளிக்குப் பின் 18 சுழியத்தோடு வந்து நிற்கும். படம் வெறுமையாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம், ஓர் ஆண்டின் நானோநொடிகளால் பெருக்கினால் போதும். அல்லது முதலிலேயே நேரத்தைப் பத்தாண்டு அலகில் எழுதிக்கொண்டு அதற்கு எதிராகப் பொருத்துங்கள், நான் அதையே விரும்புவேன்.

இங்கே ஒரு நல்ல சோதனை இலவசமாகக் கிடைக்கிறது. எதுவும் விடுபடாத தரவில், கட்டங்களின் சாய்வுகளைப் பரப்பு நிறையிட்டுச் சராசரி எடுத்தால் வருவதும், உலகச் சராசரித் தொடரில் பொருத்திய சாய்வும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும், ஏனென்றால் சாய்வு தரவில் நேரியல். ஒத்துப்போகவில்லை என்றால் நிறையிலோ விடுபட்ட மதிப்பிலோ பிழை இருக்கிறது. படம் அழகாக வந்திருக்கிறது என்பதைவிட இந்தச் சோதனை நூறு மடங்கு நம்பத்தக்கது.

ரிக்ரெஷனுக்கு முன் பருவச் சுழற்சியை எடுத்துவிட வேண்டும். கோடையும் குளிரும் உள்ள எந்த இரண்டு தொடருக்கும் இடையே பெரிய ஒட்டுறவு வரும், அது நாள்காட்டியைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை. அதேபோல, எல் நினோ குறியீட்டோடு உறவு பார்க்கும்போது நெடுங்காலப் போக்கை இரு பக்கமும் விட்டுவைத்தால், இரண்டும் ஏறுகின்றன என்பதற்காகவே உறவு தெரியும். காலத்தையும் குறியீட்டையும் ஒரே ரிக்ரெஷனில் சேர்த்துப் போடுவதுதான் நேர்மையான வழி.

அப்புறம் அந்த ‘முக்கியம்’ புள்ளிகள். 40 ஆண்டுகளின் மாதத் தரவு என்றால் 480 எண்கள். வழக்கமான பி மதிப்பு (போக்கே இல்லாவிட்டாலும் இவ்வளவு சாய்வு தற்செயலாக வரும் வாய்ப்பு) இந்த 480ம் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. ஆனால் இந்த மாதம் கடல் சூடாக இருந்தால் அடுத்த மாதமும் பெரும்பாலும் சூடாகவே இருக்கும். போக்கையும் பருவத்தையும் நீக்கிய மீதியில், அடுத்தடுத்த மாதங்களுக்கு இடையிலான தன் ஒட்டுறவைக் கணக்கிடுங்கள். அது 0.6 என்றால், உண்மையில் கையில் இருக்கும் தனித்த தகவல் 480ஐ 0.4ஆல் பெருக்கி 1.6ஆல் வகுத்த அளவு, அதாவது 120. திட்டப் பிழை (சாய்வின் நிச்சயமின்மை) இரண்டு மடங்காகிறது, 2.6 என்று வந்த டி மதிப்பு (சாய்வைத் திட்டப் பிழையால் வகுத்தது) 1.3 ஆகிறது, புள்ளி மறைகிறது. 0.8 என்றால் 480 மாதங்கள் வெறும் 53க்குச் சமம். சாய்வின் எண் இதனால் மாறாது, அதன்மேல் வைக்கும் நம்பிக்கைதான் மாறும். இதற்குப் பதிலாக நியூவி, வெஸ்ட் இருவரும் 1987இல் தந்த திட்டப் பிழை முறையையும் பயன்படுத்தலாம். தன் ஒட்டுறவு மிக அதிகமாக இருந்தால் அதுவும் பிழையைக் குறைத்தே காட்டும் என்பதை மனதில் வையுங்கள்.

இதைத் திருத்திய பிறகும் இன்னொரு படி பாக்கி. 64,800 கட்டங்களில் 5 சதவீத அளவில் சோதித்தால், எங்குமே எந்தப் போக்கும் இல்லாத உலகத்திலும் சராசரியாக 3,240 கட்டங்களில் புள்ளி விழும். அவை சிதறி விழுந்தாலாவது தற்செயல் என்று கண்டுகொள்ளலாம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அவை திட்டுத் திட்டாகக் கூடி, ஏதோ நிஜமான அமைப்பு போலவே தெரியும். லைவ்சி, சென் இருவரும் 1983இலேயே இதை எச்சரித்தார்கள். இன்று எளிதான வழி, பெஞ்சமினி, ஹாக்பெர்க் 1995இல் கொடுத்தது. எல்லா பி மதிப்புகளையும் சிறியதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொன்றையும், அதன் வரிசை எண்ணை மொத்த எண்ணிக்கையால் வகுத்து, தேர்ந்தெடுத்த அளவால் பெருக்கி வரும் எல்லையோடு ஒப்பிடுங்கள். எல்லைக்குள் வரும் கடைசி பி மதிப்பு வரையிலானவை மட்டுமே புள்ளிக்குத் தகுதி. வளிமண்டலத் தரவில் கட்டங்கள் ஒன்றையொன்று சார்ந்திருந்தாலும் இது நன்றாகவே வேலை செய்கிறது என்று வில்க்ஸ் 2016இல் காட்டினார். கட்டம் கட்டமாகச் சோதித்துப் புள்ளி வைப்பது முடிவுகளை மிகைப்படுத்துகிறது என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். என் கருத்தும் அதுதான். இந்த இரண்டு திருத்தமும் இல்லாத புள்ளிப் படத்தை வெளியிடக் கூடாது. வெப்பமேற்றம் போன்ற வலுவான போக்கு இதற்கெல்லாம் அஞ்சாது, பெரும்பாலான இடங்களில் அப்படியே நிற்கும். மழைப் போக்குப் படங்களில்தான் பாதிக்கு மேல் காணாமல் போவதைப் பார்க்கலாம்.

காலத்துக்குப் பதிலாகக் கட்டங்களையே மாதிரிகளாக வைத்து, உதாரணமாக உயரத்துக்கும் மழைக்கும் இடையே ரிக்ரெஷன் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு டிகிரித் தரவை இடைச்செருகலால் (இடைப்பட்ட மதிப்புகளைக் கணித்து நிரப்புவது) கால் டிகிரியாக்கினால் கட்டங்கள் 16 மடங்கு பெருகும், திட்டப் பிழை நான்கில் ஒன்றாகக் குறையும், புதிய தகவல் ஒன்றுகூட வந்திருக்காது. இரண்டு தரவுத் தொகுப்புகளைச் சேர்க்கவேண்டி வந்தால் எப்போதும் நுண்ணியதைப் பரும கட்டத்துக்குக் கொண்டுபோங்கள். மழை என்றால் மொத்த அளவைக் காக்கும் பரப்புவழி மறுகட்டமிடலைப் பயன்படுத்துங்கள், சிடிஓவில் அது ‘ரீமேப்கான்’.

கடைசியாக நினைவகம். கால் டிகிரி ஈஆர்ஏ5இல் ஒரே ஒரு மாறி, ஓர் ஆண்டின் 8,760 மணிகள், ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால் 36 கிகாபைட்டுக்கு மேல். முதலில் கேளுங்கள்: மணிக்கணக்கான விவரம் உண்மையிலேயே வேண்டுமா? மாதப் போக்குதான் வேண்டும் என்றால் ஒவ்வோர் ஆண்டின் கோப்பையும் தனித்தனியாகத் திறந்து மாதச் சராசரியாக்கிச் சேமித்துவிடுங்கள், மீதி வேலை சாதாரண மடிக்கணினியிலேயே முடியும். சாய்வு மட்டும் போதும் என்றால் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றவே வேண்டாம். எண்ணிக்கை, காலம், மதிப்பு, காலத்தின் வர்க்கம், காலமும் மதிப்பும் பெருக்கியது ஆகிய ஐந்து கூட்டுத்தொகைகளை ஒவ்வொரு கட்டத்துக்கும் 64 பிட்டில் வைத்துக்கொண்டு கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கலாம். காலத்தைத் தொடரின் நடுவிலிருந்து எண்ணத் தொடங்குங்கள், துல்லியம் கெடாது. சதமானமும் தன் ஒட்டுறவும் வேண்டும் என்றால்தான் ஒரு கட்டத்தின் முழுத் தொடரும் ஒரே இடத்தில் தேவை. அப்போது டாஸ்க் (பெரிய தரவைத் துண்டு துண்டாகக் கையாளும் பைத்தான் நிரலகம்) துண்டுகளை நேர அச்சில் வெட்டாமல் இட அச்சுகளில் வெட்டுங்கள். கோப்பு நேரவாரியாக எழுதப்பட்டிருந்தால், முதலில் ஒரு தடவை இடவாரியாக மாற்றி எழுதிச் சேமிக்க ஆகும் நேரம் வீண் அல்ல. இல்லையேல் ஒவ்வொரு துண்டுக்கும் எல்லாக் கோப்பையும் மறுபடி மறுபடி திறக்க வேண்டிவரும்.